எல்லோருக்கும் ஒரே கறுப்புச் செருப்பு

கணுக்கால் உடைந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் ஆனதிலிருந்து கம்பியைப் பிடிக்காமல் நடக்க எனக்குப் பயம்.

இன்று காலையும் கடலூர் பிசியோதெரபி சென்டரில் பயிற்சி கொடுக்கும் தம்பி, "கைய வுடுங்கக்கா, ஒண்ணும் ஆவாது" என்று கெஞ்சினார். நான் விடவில்லை.

வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். அங்கே வருகிற எல்லோருக்கும் காலில் ஏதோ கோளாறு. எல்லோரும் எதிர்க்கடையில் வாங்குவது கால் வலிக்கென்றே விற்கிற, மெத்தென்ற அதே கறுப்பு எம்.சி.ஆர். செருப்புதான். யாரோ என்னுடையதை மாட்டிக்கொண்டு, ஒரு சைஸ் பெரியதை விட்டுப் போயிருந்தார்கள்.

தெருவில் பார்த்தால், என்னோடு பயிற்சிக்கு வரும், முட்டி ஆபரேஷன் ஆன மேல்பட்டாம்பாக்கத்து அக்கா, சின்னச் செருப்பில் குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பஸ்ஸைப் பிடிக்க விறுவிறுவென்று போகிறார்.

"அக்கா, அது என் செருப்பு, நில்லுங்க."

அவர் காதில் விழவில்லை. அந்தப் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு போய், பஸ் படிக்கட்டில் அவரைப் பிடித்துவிட்டேன்.

அக்கா என் காலையே பார்த்தார். "ஏம்மா, ஓடியா வந்த?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"நீங்க மட்டும் என்னாக்கா? உள்ள செவுத்தப் புடிச்சிக்கினுதான நடந்தீங்க?"

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கண்டக்டர் விசிலோடு, "ஏறுறீங்களா, இல்ல நாங்க கெளம்பட்டுமா?" என்றார். சிரிப்போடு சிரிப்பாகச் செருப்பை மாற்றிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், இடது கால் செருப்பு என்னுடையது. வலது இன்னும் அக்காவுடையது.

மேல்பட்டாம்பாக்கம் பக்கம் யாராவது இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். இந்த முறை ஓடி வர வேண்டியது அவர்தான்.