பாலத்தின் பாதியில் நின்ற குதிரை

“புதன், மாலை. காவிரிப் பாலத்தில் மறுபடியும் நின்றது. நான்கு அடி கொடுத்தேன். காரணம்: சோம்பல்.”

என் பழைய நோட்டில் பங்குனி மாதத்துக் குறிப்பு இது. வருடம் எழுதியிருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் என்பது மட்டும் நிச்சயம். கையெழுத்து என்னுடையது. காரணத்தை அவ்வளவு உறுதியாக எழுதியவனும் நான்தான்.

கிராமங்களைச் சுற்றிவர அந்நாளில் எங்களைப் போன்றவர்கள் சொந்தக் குதிரை வைத்திருக்க வேண்டும். என்னுடையது செம்பழுப்பு நிறப் பெண்குதிரை, மட்டக்குதிரை வகை. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்படும்போது சொன்னபடி கேட்கும். மாலையில் திருச்சிப் பக்கமிருந்து திரும்பும்போது மட்டும் பாலத்தின் பாதியில் தலையைத் தூக்கி நின்றுவிடும். வீடு திரும்பும் குதிரை வேகமாக நடக்கும் என்றுதான் நான் படித்த புத்தகங்கள் எல்லாம் சொல்லின. என் குதிரை நேர்மாறாக இருந்தது. வெயில், தீனி, கிழமை, ராகுகாலம் வரை பத்தி பிரித்துக் குறித்துவந்தேன். பக்கங்கள் நிறைந்தன, குதிரை நின்றுகொண்டே இருந்தது.

ஒருநாள் பின்னால் வண்டிகள் தேங்கி நின்றதை டிவிஷன் அதிகாரியே பார்த்துவிட்டார். சித்திரை முடிவதற்குள் அது அடங்காவிட்டால் விற்றுவிட வேண்டும் என்றார். சண்டி என்று பெயரெடுத்த குதிரையைச் சவாரிக்கு யாரும் வாங்க மாட்டார்கள். சுண்ணாம்புக் காளவாய் வண்டியில்தான் பூட்டுவார்கள். அந்த வண்டிகளில் பூட்டிய குதிரைகள் எலும்பும் தோலுமாகத் தேய்வதை நான் பார்த்திருந்தேன்.

குதிரைக்குப் புல் அறுத்துவந்த அம்மாளுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். தினமும் மாலை புல்கட்டோடு அதே பாலத்தில் எனக்குப் பின்னால் நடந்து வருவார். அதிகாரி எச்சரித்த மறுநாள், நான் சவுக்கை ஓங்கியபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“சாமி, நீங்க நிக்கச் சொல்றீங்க, அது நிக்குது. அப்புறம் ஏன் அடிக்கிறீங்க?”

“நான் எங்கே நிக்கச் சொன்னேன்?”

“கோபுரத்தப் பாத்ததும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்புடுறீங்க. கடிவாள வாரு கையிலதான இருக்கு? அது வாயில கெடக்குற இரும்பும் சேந்துல்ல மேல போகுது. பெருமாளுக்குக் கும்புடு, குதிரைக்கு அடி. நல்ல நாயம் சாமி.”

நான் கும்பிடுவதே எனக்குத் தெரியாது. நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து செய்வது அது. மூச்சு விடுவதை யார் குறித்துவைக்கிறார்கள்? என் நோட்டில் குதிரையின் குற்றங்களுக்கு ஏழு பத்திகள் இருந்தன. என் கைக்கு ஒன்றுகூட இல்லை.

அம்மாள் கட்டிலிருந்து ஓர் அறுகம்புல்லை உருவி, வாரோடு சேர்த்து என் விரலிடுக்கில் வைத்தார். “இது விழாம அக்கரை போய்ச் சேருங்க. அப்புறம் குதிரையக் கொற சொல்லலாம்.”

முதல் ஒன்பது நாளும் புல் விழுந்தது. பத்தாம் நாள் விழவில்லை, ஆனாலும் குதிரை நின்றது. அந்த இடம் வந்தால் வாய் வலிக்கும், அடி விழும் என்று அதற்குப் பாடமாகியிருந்தது. நான் நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன், தவறானதை. அதன்பின் அந்த இடத்துக்கு முன்பே இறங்கி, வாரைத் தளர விட்டு, கூடவே நடந்தேன். தரையில் நின்று கும்பிட்டேன். முழு வாக்கியங்களில் திட்டுவதை விட்டு, நடக்கச் சொல்ல ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டேன். அது ஓர் அடி எடுத்துவைத்ததும் வாரைத் தளர்த்தக் கற்றேன். தளர்த்தத் தாமதித்தால் அதையும் நிற்கச் சொல்வதாகவே குதிரை எடுத்துக்கொண்டது. அலுப்பூட்டும் வேலை. பாதி நாள் என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

சித்திரைக் கடைசி வாரத்தில் அதிகாரி எங்கள் பின்னாலேயே சவாரி வந்தார். அன்று நான் இறங்கவில்லை; பாதிப் பாலத்தில் குதிரை நின்றது. கோபுரம் எதிரே தெரிந்தது. என் கை அசையவில்லை. அதன் காதுகள் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, குதிகாலால் லேசாகத் தொட்டேன். நடந்தது.

அதிகாரி “சரி” என்று மட்டும் சொல்லிக் கடந்துபோனார். பின்னால் வந்த அம்மாள், “இன்னைக்கு ஒரு நாள் கும்புடலேன்னு பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு, சாமி” என்றார்.

அடுத்த வருடம் எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. குதிரையை ஜட்கா வண்டிக்காரர் ஒருவரிடம் விட்டுச்சென்றேன். அம்மாளை மறுபடி பார்த்தது பல வருடங்களுக்குப் பின், யுத்தகாலத்தில் ஸ்ரீரங்கம் வந்திருந்தபோது. நலம் விசாரித்த பிறகு, “பாலத்துப் பாதியில ஒரு செவலக் குதிர நிக்குது சாமி. சாயங்காலம் மட்டுந்தான். வண்டிக்காரன் அடிக்கிறான்” என்றார். நம்முடையதா என்று கேட்டேன். “தூரத்துல பாத்தேன். எனக்கும் முன்ன மாதிரி கண்ணு தெரியல” என்றார்.

இரண்டு மாலை பாலத்தில் நின்று பார்த்தேன். செம்பழுப்புக் குதிரைகள் பல போயின, ஒன்றும் நிற்கவில்லை. வண்டி ஸ்டாண்டில் விசாரித்ததில் அப்படி நிற்கும் குதிரை உண்டென்று இருவர் சொன்னார்கள், ஒருவர் இல்லையென்றார். அது என் குதிரைதானா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.