ஐந்தை ஆறாக்கிய கறுப்பு மூடி

1. மூன்று நிறம்

கடையில் சேர்ந்த முதல் நாள் எனக்குத் தரப்பட்ட வேலை ஸ்குரூ மூடிகளை எண்ணுவது. வெள்ளை நானூற்றுப் பன்னிரண்டு, மஞ்சள் முந்நூற்றெழுபது, கறுப்பு நூற்றாறு. யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு லண்டனில் கிடைத்த முதல் வேலை அது.

தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருந்த அந்தக் கடையில் கார் உதிரிப்பாகங்கள் விற்றோம். முதலாளி சேவியர் மன்னார்க்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பின்பக்கத்து மேசையில் நான் நம்பர் பிளேட் செய்வேன். முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள். பிளேட்டைக் காரில் ஸ்குரூவால் பூட்டி, ஸ்குரூவின் தலையை அதே நிறப் பிளாஸ்டிக் மூடியால் மறைக்க வேண்டும். ஸ்குரூ ஓர் எழுத்தின் மேல் விழுந்தால் மட்டும் கறுப்பு மூடி. கறுப்பு மூடிக்குச் சட்டத்தில் உள்ள வேலை அவ்வளவுதான்.

ஆனால் வருகிறவர்கள் வேறு வேலை கேட்டார்கள். எழுத்துகளை நெருக்கித் தள்ளி மகளின் பெயர் மாதிரி வாசிக்கச் செய்யச் சொல்வார்கள். பிளேட்டுக்கு மேலே எரியும் ஐந்து வாட் பல்பில் மனைவியின் நகப்பூச்சைப் பூசி நீல வெளிச்சம் விழுத்துவார்கள். பின் பிளேட்டில் வெள்ளை வெளிச்சம்தான் விழ வேண்டும் என்று சொன்னால், “மாஸ்டர், வடிவாயிருக்கெல்லே, விடுங்கோ” என்பார்கள். நம்பர் பிளேட் செய்து வாங்க அப்போது ஒரு பத்திரமும் காட்டத் தேவையில்லை. நாங்களும் கேட்பதில்லை.

ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயம்தான். ஏனென்றால் சட்டப்படி பிளேட்டின் அடியில் செய்த கடையின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். என் அகதி விண்ணப்பம் உள்துறை அமைச்சில் முடிவில்லாமல் கிடந்தது. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் குண்டுகளுக்கு நடுவே அந்த முடிவுக்காகக் காத்திருந்தார்கள். என் பெயர் ஒரு பொலிஸ் புத்தகத்தில் ஏறினால் மூன்று பேரின் வழி அடைபடும் என்று நான் நம்பினேன். நம்பிக்கொண்டே முதலாளி சொன்னதைச் செய்தேன்.

2. சனியும் டோவரும்

சிவபாலன் பக்கத்து ஊரான சட்டனில் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டியவர். வெள்ளை நிறச் சின்னக் கார். ஆறு மாதத்தில் இரண்டு விபத்து. இரண்டாவதில் பின் பிளேட் உடைந்தது. அவருடைய நம்பர் 251. எழுத்துகளை இங்கே எழுதவில்லை.

“மாஸ்டர், நீங்கள் கணக்குப் படிப்பிச்சனீங்கள். கூட்டிப் பாருங்கோ” என்றார்.

“எட்டு.”

“எட்டு ஆற்ற இலக்கம்?”

“சனியின்ர எண்டு சொல்லுவினம்.”

முன் கவுன்டரில் இருந்து சேவியர் சிரித்தார். “உங்கட சனியன் விசா எடுத்து டோவர் துறைமுகமும் கடந்து வந்திட்டாரோ?”

“உங்கட கார்க் கண்ணாடியில தொங்கிறது என்ன அண்ணை, ஏர் ஃபிரெஷ்னரோ?” என்று சிவபாலன் திருப்பிக் கேட்டார். சேவியரின் காரில் செபமாலை தொங்கியது.

சிவபாலன் விரலால் ஐந்தைத் தொட்டுக் காட்டினார். ஐந்தின் கீழ் வளைவு இடப்பக்கம் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் ஒரு ஸ்குரூவும் கறுப்பு மூடியும் வைத்தால் ஐந்து ஆறாகிவிடும். 261. கூட்டினால் ஒன்பது, அது நல்ல இலக்கமாம்.

“ஏலாது. அது பிழையான நம்பராப் போயிடும்” என்றேன்.

“நான் நம்பரை மாத்தச் சொல்லேல்லை மாஸ்டர். ஸ்குரூ பூட்டத்தானே சொல்லுறன். உங்களுக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு. அடுத்த விபத்தில நான் செத்தால் என்ர பிள்ளையளை ஆர் பாக்கிறது?”

சேவியர் தலையை அசைத்தார், செய்து கொடும் என்று. நான் துளை போட்டேன். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. சோதித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மேலிருந்து விழும் பல்ப் வெளிச்சத்தில் மூடியின் நிழல் கீழே சரிந்து மிச்ச இடைவெளியையும் அடைத்தது. லைட் எரியும்போது அது சுத்தமான ஆறு. இரண்டு வருடத்தில் நான் இப்படிச் செய்து கொடுத்த பிளேட்டுகளில் அது பன்னிரண்டாவது, கடைசியும் அதுதான்.

3. நாடி

எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பெண் தன் காரைப் பின்பக்கமாகக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளை நிறச் சின்னக் கார். அதே மொடல். நம்பர் 261. அதே எழுத்துகள். கறுப்பு மூடி இல்லை. அது பிறந்தபோதே ஆறு.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்று பிறகுதான் கணக்குப் போட்டேன். ஷோரூம்களுக்கு நம்பர்களை வரிசையாகக் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். 251 இருந்த ஷோரூமில் 261 இருக்கும். ஒரே மொடல், பக்கத்துப் பக்கத்து ஊர்.

அவர் பெயர் ஸ்டெல்லா. நாகர்கோவில்காரர். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் புண் கட்டும் நர்ஸ்.

“நம்பர் பிளேட் லைட் எரியலை சார். போலீஸ் நிறுத்திச் சொல்லிட்டாங்க. எனக்கு இப்ப போலீஸ்னாலே பயமா இருக்கு.”

“ஏன்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஸ்பீட் கேமரா லெட்டர் சார். நான் போகாத ரோட்டுல எல்லாம் என் வண்டி போயிருக்காம். மூணு வந்துச்சு. நான் இல்லைன்னு எழுதினேன். போட்டோல உங்க நம்பர்தானே, உங்க வண்டிதானேங்கிறாங்க. இன்னைக்குக் காலைல நாலாவதும் வந்துருச்சு.”

ஒரு கடிதத்துக்கு லைசென்ஸில் மூன்று தண்டனைப் பாயின்ட். நான்கு மூன்று பன்னிரண்டு. பன்னிரண்டானால் லைசென்ஸ் போகும்.

“லைசென்ஸ் போனா வேலை போயிடும் சார். ஒரு நாளைக்குப் பதினாலு வீடு. பஸ்ல போக முடியுமா?”

நான் குனிந்து பழைய பல்பைக் கழற்றினேன். புதியதைப் பூட்ட முடியவில்லை. இரண்டு தரம் கீழே விழுந்தது. அவர் என் கையைப் பார்த்தார்.

“என்ன சார் கை இப்படி நடுங்குது? சுகர் இருக்கா? காலைல சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கடிகாரத்தைப் பார்த்தார். “நூத்திப் பதினெட்டு. உடனே டாக்டரைப் பாருங்க. வீட்டுல யாரு இருக்கா?”

“ஒருத்தரும் இல்லை” என்றேன்.

அவர் போன பிறகு சேவியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கதவைப் பூட்டினார்.

“மாஸ்டர், வாயை மூடிக்கொண்டு இரும். பிளேட்டில என்ர கடைப் பேர் கிடக்கு. உமக்கும் பேப்பர் இன்னும் வரேல்லை. அந்தப் பிள்ளை ஒரு வக்கீலைப் பிடிக்கட்டும்.”

சிவபாலனுக்கு டெலிபோன் எடுத்தேன்.

“கமெரா லெட்டர் ஏதும் உமக்கு வந்ததோ?”

“ஒண்டும் வரேல்லை மாஸ்டர்! நாலு தரம் பளிச் பளிச்செண்டு அடிச்சது, நான் கண்டனான். ஒரு கடிதமும் இல்லை. அதுதானே சொல்லுறன், ஒன்பதின்ர வேலை!”

அந்த மூடியைக் கழற்றும்படி சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். “கழட்டலாம் மாஸ்டர். ஆனால் பழசுக்கு நான் போய் நிக்கமாட்டன். நாலும் என்ர தலையில விழுந்தால் என்ர லைசென்சல்லோ போகும்” என்றார்.

அதாவது பன்னிரண்டு பாயின்ட் யாரோ ஒருவர் மேல் விழவேண்டும். யார் மேல் என்பது என் கையில் இருந்தது.

4. ஐந்து நாள்

புதன், வியாழன், வெள்ளி, சனி கடைக்குப் போனேன். கதவு மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் பொலிஸ் என்று நினைத்தேன். சனிக்கிழமை மட்டும் நாற்பத்தொரு தடவை அடித்தது. உண்மையைச் சொன்னால் மனைவி பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. சொல்லாவிட்டால் என் நாடியைப் பிடித்துப் பார்த்த பெண்ணுக்கு வேலை போகும் என்று இன்னொரு கணக்கு. இரண்டும் சமன் ஆகவில்லை. எந்தப் பக்கம் கனம் என்று தெரிந்தும் நான் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொலிஸ் நிலையத்துக்கு நடந்து போனேன். ஒரு பிளேட்டும் ஒரு கறுப்பு மூடியும் கொண்டுபோய் மேசையில் வைத்து, ஐந்து எப்படி ஆறாகும் என்று காட்டினேன். அங்கிருந்த அதிகாரி மூடியை எடுத்து வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். இப்படி இன்னும் எத்தனை செய்தீர் என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாத எண்ணிக்கை என்று ஒன்று என் வாழ்க்கையில் இல்லை.

“இன்னும் பதினொன்று” என்றேன்.

பதினொரு பேரின் விபரத்தையும் எழுதித் தரச் சொன்னார். என் பெயரையும் பிறந்த தேதியையும் பதிந்துகொண்டு, கடுமையாக எச்சரித்து அனுப்பினார். சிவபாலனுக்கு லைசென்ஸ் ஆறு மாதம் போனது. அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. சேவியர் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் மூன்று கிழமை, வேலையைத் தவிர வேறு கதை என்னோடு கதைக்கவில்லை. உள்துறைப் படிவத்தில், பொலிஸ் எச்சரிக்கை உண்டா என்ற கேள்விக்கு ஓம் என்று எழுதினேன். குடும்பம் வந்து சேரப் பத்தொன்பது மாதம் எடுத்தது. அதற்குக் காரணம் மூடியா, வழக்கமான தாமதமா என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஸ்டெல்லா ஒரு நாள் இனிப்புப் பெட்டியோடு கடைக்கு வந்தார். நாலு கடிதத்தையும் ரத்துப் பண்ணிவிட்டார்கள், யாரோ ஒரு நல்ல மனுசன் போய்ச் சொல்லியிருக்கிறார் என்றார். நல்ல மனுசன் என்ற பெயரை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. போய்ச் சொன்னவனும் பிளேட்டைச் செய்தவனும் நான்தான் என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“நான் பல்ப் மாத்த வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியும்.”

“எப்ப போய்ச் சொன்னீங்க?”

“ஞாயிற்றுக்கிழமை.”

விரல்களை மடக்கினார். “அஞ்சு நாள். அந்த அஞ்சு நாளும் நான் தூங்கலை சார்.”

பெட்டியை வைத்துவிட்டுப் போனார். அதன்பின் அந்தக் கடைக்கு அவர் வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். காரின் பதிவுப் பத்திரமான லொக் புக்கைப் பார்க்காமல் பிளேட் செய்யாதீர்கள். கறுப்பு மூடி எழுத்தின் மேல் மட்டுமே. பிழை செய்திருந்தால், அதனால் அடிபட்டவர் கவுன்டருக்கு முன்னால் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். மூடி பூட்டச் சொன்னவர்கள் இரண்டு பேர் உண்டு, பழியைப் பங்கு போடலாம். அந்த ஐந்து நாளை எவரோடும் பங்கு போட முடியாது. அது முழுவதும் என்னுடையது.