ஆர்கனுக்குச் சந்தனம் வைத்த இருசப்பன்

இருசப்பன் தன்னை அரைவேக்காடு என்றுதான் சொல்லிக்கொள்வார். அதைத் தன்னடக்கம் என்று நினைப்பவர்கள் ஆர்கன் கதையைக் கேட்டதில்லை.

திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் ஆர்மோனியப் பெட்டி ரிப்பேர் பார்க்கிறவர். கூத்துக்காரர்களின் பெட்டிகளோடு நிறுத்தியிருக்கலாம். சர்ச்சில் வாத்தியம் வாசிக்கும் ஜெயசீலி டீச்சர் வந்து, வெள்ளைக்காரன் காலத்துப் பைப் ஆர்கன் ஊமையாகக் கிடக்கிறது, பார்க்க முடியுமா என்று கேட்டார். அதுவும் காற்றில் பாடுவதுதானே, முடித்துவிடலாம் என்று இவர் அளந்துவிட்டார். போய்ப் பார்த்தால் சுவர் உயரத்துக்குக் குழாய்கள்! நைசாகத் திரும்பிவிடலாமா என்று பார்த்தார். ஆனால் அதற்குள் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாகிவிட்டது.

ஆயுத பூஜை கழிந்த ஞாயிறு ஆராதனையில் அது பாட வேண்டும். இல்லையென்றால் புதுச்சேரி பழம்பொருள் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுக் கீபோர்டு வாங்குவது என்று சபைச் செயலர் அருண்பிரசாத் கறாராகச் சொல்லிவிட்டார். இருசப்பன் மல்லுக்கட்டினார். துருத்தித் தோலை மாற்றினார். குழாய்களைத் தப்பும் தவறுமாக மாட்டி, டீச்சரிடம் திட்டு வாங்கித் திரும்ப மாட்டினார். ஒருவழியாகப் பாடியது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு விடுவாரா நம்ம ஆள்? மறுநாள் ஆயுத பூஜை. கடையில் திருப்புளிக்கும் ரம்பத்துக்கும் பொட்டு வைத்தவருக்கு, இத்தனை நாள் கைபட்ட ஆர்கனை விட மனசு வரவில்லை. சாவி இவரிடம்தானே! பன்னீரைத் தாராளமாக ஊற்றிக் கரைத்த சந்தனத்தை ஒவ்வொரு குழாயிலும் சத்தம் வெளிவரும் பிளவான வாய்க்கு மேலே, நெற்றி என்று பாவித்து அப்பினார். அடுத்த நாள் பக்குவமாகத் துடைத்தும்விட்டார். உள்ளே வழிந்ததைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கட்டைகளை அழுத்தினார். கிழட்டு மாடு மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இருசப்பன் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். குழாய் வாயெல்லாம் காய்ந்த மஞ்சள் பொருக்கு. எலி மேல் பழி போடலாம். எலி மறுத்தா பேசப்போகிறது? அப்போதுதான் பின்னாலிருந்து யாரோ, டீச்சருக்கு வயசாகிவிட்டது என்று முணுமுணுத்தார்கள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். இருசப்பனுக்குத் தாங்கவில்லை.

"டீச்சர் மேல தப்பு இல்லீங்க. ஆயுத பூஜைக்கு நான்தான் சந்தனம் வெச்சேன். அது வாயில எறங்கிக் காஞ்சிடுச்சு."

சர்ச்சுக்குள்ளேயா, யாரைக் கேட்டு என்று அருண்பிரசாத் எழுந்தார். டீச்சர் அவரைப் பார்த்தார்.

"இத்தன வருஷமா அதுகிட்ட ஒரு துணி எடுத்துட்டுப் போனவங்க நம்மள்ல யாருங்க? இவருக்காவது அதுக்குப் பொட்டு வெக்கணும்னு தோணுச்சே."

போதகர் அங்கியின் கையை மடித்துக்கொண்டு தண்ணீரும் துணியும் கேட்டார். அன்றைக்குப் பிரசங்கம் கிடையாது. எல்லாரும் எழுந்து வந்து குழாய்களைத் துடைத்தார்கள். இருசப்பன் ஒவ்வொரு வாயாகச் சுத்தம் செய்துகொண்டே வந்தார். டீச்சர் மறுபடி உட்கார்ந்தார். ஆர்கன் கூரை அதிரப் பாடியது.

பாட்டு முடிந்ததும் அருண்பிரசாத் கையிலிருந்த ஈரத்துணியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"அடுத்த வருஷம் சந்தனத்தக் கொஞ்சம் கெட்டியா கொழைங்கண்ணே" என்றார்.

இருசப்பன் அழுதுவிட்டார்.