பதினாறாவது மாடிக்குத் தண்ணீர்

கிள்ளானில் பரமேஸ்வரன் நடத்தும் சின்ன எலெக்ட்ரிக்கல் ஆபீசில் பெர்னடெட்டுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. எந்தக் கட்டிடத்துக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும், எவ்வளவு தடிமனில் கேபிள் போட வேண்டும் என்று கணக்குப் போட்டு வரைபடம் தருவாள். வீட்டைப் பூட்டிய பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிற பிறவி அவள். அவளே பிரிக்ஃபீல்ட்ஸில் எழும்பிய இருபது மாடிக் கட்டிடத்தில் கோட்டை விட்டாள்.

அந்தக் கட்டிடத்தின் தீயணைப்புப் பம்பு ஓடும்போது நூற்று முப்பத்தைந்து ஆம்பியர் இழுக்கும். கிளம்புகிற சில விநாடிகளில் மட்டும் அதைப்போல் ஆறு மடங்கு கேட்கும். கேபிள் மெலிதாக இருந்தால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும், பம்பு கிளம்பாது. இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மெயின் போர்டிலிருந்து இருபது மீட்டரில் பம்பு அறை இருந்தபோது அவள் கணக்கில் ஒரு குறையும் இல்லை. நடுவில் கட்டிடக்காரர் இரண்டு கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அறையைக் கீழ்த்தளத்தின் மறுகோடிக்குத் தள்ளினார். இப்போது தொண்ணூறு மீட்டர். அன்றைக்கு ஆபீசில் வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைக்கிற தீபாவளி ஓப்பன் ஹவுஸ். ஒரு கையில் முறுக்கும் மறு கையில் மவுஸுமாக வரைபடத்தில் அறையை நகர்த்தினாள். கணக்கைத் திரும்பப் போட மறந்துபோனாள்.

பொம்பா என்கிற தீயணைப்புத் துறையின் அதிகாரி சோதிக்க வருவதற்கு மூன்று நாள் முன்புதான் அந்தத் தப்பு கண்ணில் பட்டது. காலிக் கட்டிடத்தில் வோல்டேஜ் நிறைவாக இருக்கும், பம்பு கிளம்பிவிடும், சோதனையும் பாஸ் ஆகிவிடும். ஆட்கள் குடிவந்து, வீட்டுக்கு வீடு ஏர்கான் ஓடுகிற ஒரு சாயங்காலம் தீப்பிடித்தால்தான் வண்டவாளம் தெரியும். டீசல் பம்பு ஒன்று துணைக்கு இருக்கிறதே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். பேட்டரி செத்துக் கிடக்கும் டீசல் பம்புகளை அவள் நிறையப் பார்த்திருந்தாள். பதினாறாவது மாடியில் அவள் தம்பி திமோத்தி வீடு வாங்கியிருந்தான். அடுத்த வாரம் சாவி.

பரமேஸ்வரனிடம் சொன்னாள்.

"மொதல்ல பாஸ் ஆகட்டும் லா, அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருடைய 'அப்புறம்' எதுவும் இதுவரை வந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

சோதனையன்று அதிகாரி பொத்தானை அழுத்தினார். விளக்குகள் லேசாக மங்கின, பம்பு கிளம்பியது. பரமேஸ்வரன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

பெர்னடெட் ஓரடி முன்னால் வந்தாள். பிறகு, அவளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்க, மலாயில் சொன்னாள்: "துவான், எல்லா மாடியிலும் ஏர்கானைப் போட்டுவிட்டு இன்னொரு தடவை பார்க்கலாமா?"

பரமேஸ்வரன் அவளைப் பார்த்த பார்வையில் பத்தொன்பது வருஷமும் கரைந்துபோயிற்று.

காவலாளிகள் மாடி மாடியாக ஏறி ஏர்கான்களைப் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும், பம்பு கிளம்பிவிட வேண்டுமே என்றுதான் அவள் ஜெபமாலையை உருட்டினாள். கேபிள் போதாது என்கிற கணக்கு தப்பாக இருக்கக்கூடாதா என்று ஒரு நப்பாசை. மறுபடி பொத்தானை அழுத்தினார்கள். பம்பு உறுமியது. பெட்டிக்குள் ஸ்விட்ச் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு எல்லாம் நின்றது.

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

காரில் திரும்பும்போது பரமேஸ்வரன் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "நாளைக்கு வந்து புது கேபிளுக்குக் கணக்குப் போடு." அந்த 'வந்து' என்ற சொல்லுக்காகவே அவளுக்கு அழுகை வந்தது.

பத்து நாள் கழித்து திமோத்தியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது.

"சாவி ரெண்டு மாசம் தள்ளிப் போச்சுக்கா. எவனோ பம்புக்குக் கேபிளைத் தப்பா போட்டுட்டானாம். வெளங்குவானா?"

அவள் பதில் தட்டினாள்: "எவனோ இல்லடா. நான்தான்."

படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு காட்டியது. பதில் வரவில்லை. அவள் அடுப்பை அணைத்தோமா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குள் வந்திருந்தது.

"இப்போ பதினாறாவது மாடிக்குத் தண்ணி வருமாக்கா?"

"வரும்."