ஆட இடமில்லாத ராஜா

"தோத்துப்போன ஆட்டத்த எத்தினி நாழி மொறைச்சிக்கினே ஒக்காந்திருப்ப? கண்ணால பாத்தா காய் எழுந்து ஓடுமா?"

கேட்டவர் பெரியப்பா. திருக்கை மீன் கொட்டி வீங்கிய காலை மணைமேல் நீட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் சதுரங்கப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவும் அவர் தம்பியான என் நைனாவும், அதாவது அப்பாவும், சத்தம் போட்டுச் சண்டை போட்டதில்லை. ஒத்துவராத விஷயம் எதுவானாலும் சதுரங்கத்தில் தீர்த்துக்கொள்வார்கள். எந்த வலையை முதலில் பழுது பார்ப்பது, யார் மாமனார் வீட்டுக்கு முதலில் போவது, எல்லாவற்றுக்கும் ஆட்டம்தான். பழைய படகுப் பலகையில் கட்டம் கீறி, மிதப்புக் கட்டையில் காய் செதுக்கி, ஒரு பக்கத்துக் காய்களுக்கு மட்டும் படகுத் தார் பூசியிருந்தார்கள். பெரும்பாலும் பெரியப்பாதான் ஜெயிப்பார்.

அந்தக் கோடையில் ஆட்டத்துக்கு வந்த விஷயம் நான். எட்டாவது தேறியிருந்தேன். எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. வாத்தியார் பொன்னேரி உயர்நிலைப் பள்ளியில் என் பெயரை எழுதிவைத்துவிட்டார். பள்ளி திறந்ததும் போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி. ஆனால் படகேறி ஏரியைத் தாண்டி, அப்புறம் பஸ் பிடித்து ஒரு பெண் பிள்ளை தினமும் போவதா என்று பெரியப்பா யோசித்தார்.

"நீ ஜெயிச்சா அவ போட்டும். நான் ஜெயிச்சா ஊட்ல இருக்கட்டும்" என்றார் நைனாவிடம்.

"நல்லா இருக்குது ஞாயம். புள்ள படிப்ப கட்டத்துல வெச்சி ஆடுறீங்களே!" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டம் காலையில் தொடங்கியது. நைனா வழக்கம்போல மெதுவாகத் தோற்றுக்கொண்டிருந்தபோது கரையிலிருந்து ஆள் வந்தது. எங்கள் ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று முறை உண்டு. அன்றைக்கு முறை உள்ள வீட்டில் சாவு விழுந்ததால், அடுத்த முறைக்காரரான நைனா உடனே போக வேண்டும். போகாவிட்டால் பாடு கைமாறிவிடும்.

நைனா எழுந்து துண்டை உதறினார். "எனக்கு பதிலா இவ ஆடட்டும்ணே."

"தோத்த ஆட்டத்த புள்ள தலையில கட்டிட்டுப் போறியே, கெட்டிக்காரன்டா!"

நைனா சிரித்துக்கொண்டே போய்விட்டார். வெள்ளைக் காய்களில் ராஜாவும் ஒரு யானையும் மட்டும் எனக்கு மிஞ்சியிருந்தன. ராஜா மூலையில் இருந்தார். குதிரை தாவும் தூரத்தில் பெரியப்பாவின் ராணி நின்று, அவரைச் சுற்றியிருந்த மூன்று கட்டங்களையும் மறித்திருந்தாள். பெரியப்பாவின் ராஜா எதிர்மூலையில் சுகமாக இருந்தார். அவருக்கு ஒரு கட்டம் தள்ளி அவருடைய யானை. அது ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கினால் என் கதை முடிந்தது.

வெகுநேரம் பார்த்தேன். என் ராஜா அசைய முடியாது. அசையக்கூடியது யானை ஒன்றுதான். அந்த யானையும் இல்லாமல் போனால்?

சட்டென்று நினைவு வந்தது. செக் இல்லாமல், நகர்த்தவும் காய் இல்லாமல் ஒருவர் மாட்டிக்கொண்டால் ஆட்டம் சமம். போன வருஷம் தோற்கிற நேரத்தில், பட்டணத்தில் இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று சத்தியம் செய்து இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பெரியப்பாவேதான்.

யானையைக் கொண்டுபோய் அவருடைய ராஜாவின் மூக்குக்கு முன்னால் வைத்தேன். "செக்."

பெரியப்பாவின் கை யானையை எடுக்கப் போனது, நின்றது. வெட்டினால் ஆட்டம் சமம் என்று புரிந்துவிட்டது. ராஜாவைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினார். என் யானையும் பின்னாலேயே போய் அவர் முன்னால் நின்றது. "செக்." மறுபடி மூலைக்குப் போனார். "செக்." அந்த இரண்டு கட்டங்களை விட்டால் அவருக்கும் வேறு இடம் இல்லை.

"ராஜா இன்னா, ரெண்டு ஊட்டுக்கும் நடந்துகினே கீறாரு?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"சனியன்!" என்று பெரியப்பா யானையை வெட்டினார்.

"எனக்கு ஆட எடம் இல்ல பெரியப்பா" என்றேன்.

நைனா இறால் கூடையோடு வரும்வரை ஒரு காயையும் யாரையும் தொட விடவில்லை. அவரைக் கண்டதும் அழுகை வந்துவிட்டது. "ஜெயிக்கல நைனா."

"தோத்தியா?"

"இல்ல. சமம்."

கூடையை இறக்காமலே பலகையைப் பார்த்தார். எப்படி, எப்படி என்று மூன்று தடவை ஆடிக்காட்டச் சொன்னார்.

"மறுக்கா ஆடித் தீத்துக்கலாம்" என்றார் பெரியப்பா.

"ஆடலாம்ணே. அவசரம் இன்னா?"

மறுநாள் வலை கிழிந்திருந்தது. அதற்கடுத்த நாள் நைனாவுக்குத் தலைவலி. பிறகு வெள்ளைச் சிப்பாய் ஒன்று காணாமல் போய்விட்டது. எனக்கோ எப்படியாவது ஆடி ஜெயித்துவிட வேண்டும் என்ற ஆத்திரம். வீடெல்லாம் தேடி, நைனாவின் நூல் டப்பாவுக்குள்ளிருந்து சிப்பாயைக் கண்டெடுத்து, "கெடைச்சிடுச்சி!" என்று கத்திக்கொண்டே ஓடி இருவருக்கும் நடுவில் நீட்டினேன். நைனாவின் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெரியப்பா சிப்பாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நைனாவையும் பார்த்தார்.

"மூக்கு ஒடைஞ்சிருக்குதுடா. வேற செதுக்கு" என்றார்.

எனக்கு அது நன்றாக இருந்ததாகத்தான் பட்டது. மூக்கே இல்லாத காய்க்கு மூக்கு எப்படி உடையும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. நைனா புதுச் சிப்பாயை மூன்று வாரம் செதுக்கினார். இவ்வளவு மெதுவாக யாராவது செதுக்குவார்களா என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அதற்குள் பள்ளி திறந்துவிட, போக வேண்டாம் என்று யாரும் சொல்லாததால், போனேன்.

வருஷங்கள் போய், பள்ளிப் படிப்பை முடித்த எனக்குப் போன வாரம் திருவள்ளூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்ததாகத் தபால் வந்தது. பெரியப்பா கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தார்.

"அந்த ஆட்டம் இன்னும் பாக்கி கீது, தெரியுமில்ல?" என்றார், நேற்று நான் கிளம்பும்போது.

"ஆடலாம் பெரியப்பா. அவசரம் இன்னா?" என்றேன். அப்போதே என் பெட்டி படகில் ஏறியிருந்தது.