வேலியோரத்துக் கண்வலிப் பூ

சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் அம்மா வீட்டு வேலியில் கார்த்திகைப் பூக்கொடி தானாகவே படரும். கல்யாணமாகி நெம்மேலிப் பக்கம் கடலோரக் குப்பத்துக்கு வந்தபோது, அதன் கிழங்கு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தேன். கொல்லைக் கோடியில், சவுக்கு வேலியடியில் புதைத்தேன். கிழங்கு விஷம் என்று எனக்கும் தெரியும். ஆடுமாடும் குழந்தைகளும் போகாத மூலையாகப் பார்த்துத்தான் வைத்தேன்.

கோடை முழுக்க அங்கே வெறும் மணல். ஆடியில் முளை தலை நீட்டியது. ஐப்பசி மழையில் வேலி நெடுகச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளியது. கருவாடும் வலையும் காய்கிற அந்தக் கொல்லையில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அதே மழையில் குப்பத்துக்கு மெட்ராஸ் ஐ வந்தது. மழைக்காலத்தில் வருவதுதான். ஆனால் இந்தப் பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதனால் கண்வலிப் பூ என்றே பேர். முதலில் கண் சிவந்தது என் மாமியாருக்கு. அப்புறம் கேட்க வேண்டுமா? கறுப்புக் கண்ணாடி மாட்டிய பெண்கள் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"இன்னாமே, ஊரு கண்ணெல்லாம் அவிஞ்சி போவுது, நீ பூ வளத்துகினு கீற? புடுங்கிப் போடு!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"உன் வூட்டுக்காரரு எங்க கொல்லைப் பக்கமே வந்ததில்ல. அவருக்கு எப்பிடிக்கா வந்துச்சி?"

அவள் என் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியாரிடம் கத்தி இருந்தது. மீன் அரிகிற கத்தியோடு போய்க் கொடியைத் தரையோடு அறுத்துப் போட்டார். என் கணவர் தலை நிமிராமல் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் என் ஆசைக்கு ஒரு முழம் இடம்கூடக் கிடையாதா? ஆனால் மண்ணுக்கு மேலே தெரிவது மட்டும்தான் செடி என்று மாமியார் நினைத்துவிட்டார். கிழங்கைத் தோண்ட அவருக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு வந்தேன்.

அடுத்த ஆடியில் இரண்டு முளை வந்தது. கலப்பை மாதிரி கவைவிடுகிற கிழங்கு அது. மாமியார் மறுபடியும் கத்தியோடு வந்தார். நான் வேலியை மறித்து நின்றேன்.

"அறுங்க அத்த. அடுத்த வருசம் நாலா வரும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திமிரு புட்ச்சவ" என்று முனகிக்கொண்டே மீன் அரியப் போய்விட்டார்.

அந்த ஐப்பசியிலும் மெட்ராஸ் ஐ வந்தது. இந்த முறை முதலில் எனக்கு.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றார் மாமியார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சொன்னீங்க அத்த" என்றேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். கண் எரிந்தது, தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஒரு பூ விடாமல் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.