மாட்டின் பின்பாதி

என் வீட்டுக்காரர் ஹார்லன் இருபது வருஷத்துக்கு மேலாக மாட்டின் பின்பாதியாக இருந்தவர். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஸ்டெட்லரில் யாரும் சிரிப்பதில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

விஸ்கான்சினில் பால்மாட்டை நம்பிப் பிழைக்கிற சின்ன ஊர் எங்களுடையது. அக்டோபர் கடைசி நாள் வருகிற ஹாலோவீன் வேஷப் பண்டிகையன்று பிள்ளைகள் பகலிலேயே வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி முடித்துவிடுவார்கள். சாயங்காலம் பெரியவர்களின் முறை. வேஷம் கட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாகத் தீயணைப்பு நிலையம் வரை ஊர்வலம் போக வேண்டும். பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் "நான் சூனியக்காரி" என்று முடிவு செய்துவிட்டு விளையாடப் போய்விடுகிறார்கள். பெரியவர்கள் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். போடலாமா வேண்டாமா, இந்த வயசில் நன்றாகவா இருக்கும், போட்டால் என்ன போடுவது என்று மளிகைக் கடையில் வரிசையை மறித்துக்கொண்டு பேசுவார்கள். தபாலாபீஸ் லொரெய்ன் வருஷா வருஷம் "இந்தத் தடவை நான் இல்லம்மா" என்பாள். வருஷா வருஷம் சோளக்கதிராக வந்து நிற்பாள். பேங்க் மேனேஜர் அந்தப் பெருத்த உடம்பில் டயப்பர் கட்டிக்கொண்டு கைக்குழந்தையாக வருவார். அந்தக் கண்றாவியைப் பார்த்த பிறகும் அவரை நம்பித்தான் பணம் போட்டு வைத்திருக்கிறோம்.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாடுதான். கறுப்பு வெள்ளைத் துணி வாங்கி நான் தைத்தது. முன்பாதி என் அண்ணன் நார்பர்ட், பின்பாதி ஹார்லன். யார் எது என்று முதல் வருஷமே யாரும் யாரையும் கேட்கவில்லை. அண்ணன் தலையை எடுத்து மாட்டிக்கொண்டான். மிச்சம் இருந்ததை ஹார்லன் எடுத்துக்கொண்டார்.

மிச்சத்தை எடுத்துக்கொள்வதுதான் அவர் சுபாவம். வீட்டில் இரண்டாவது பிள்ளை. பண்ணை மூத்தவனுக்குப் போயிற்று, இவர் பால் டேங்கர் லாரி ஓட்டப் போனார். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிக்கொண்டு சீஸ் ஆலையில் இறக்குகிற வேலை. ஓய்வு பெறும் வரை அதே வேலைதான். சர்ச்சில் கடைசி பெஞ்ச். எங்கள் கல்யாணப் படத்திலேயே அவர் முகத்தில் பாதியை என் அண்ணன் தோள் மறைத்துக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை யார் என்று கேட்பவர்களுக்கு நான் விரல் வைத்துக் காட்ட வேண்டும். கோபம் வரவழைக்கலாம் என்று எத்தனையோ தடவை வாயைக் கிளறிப் பார்த்திருக்கிறேன். கல்லுளிமங்கன், அசைய மாட்டார்.

மாட்டுக்குள் பின்பாதிக்காரன் வழி நெடுகக் குனிந்தே நடக்க வேண்டும். இரண்டு கையாலும் முன்னால் இருப்பவனின் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் குதிகாலைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. அவன் இடது கால் வைத்தால் இவனும் இடது கால், அவன் நின்றால் இவனும் நிற்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் அண்ணன் தலையைக் கழற்றிக் கும்பிடு போடுவான், ஊரே கை தட்டும். வியர்வையில் முடி ஒட்டிக்கொள்ள ஹார்லன் பின்பக்கமாக வெளியே வந்து பியர் எங்கே என்று பார்ப்பார்.

அண்ணனின் பெரிய பெருமை அவன் மாடு மாதிரி கத்துவது. வேலிக்கு அந்தப் பக்கம் மேய்கிற நிஜ மாடுகளே தலை தூக்கிப் பார்க்கும்.

போன வருஷம் ஏப்ரலில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பினான். ஆனால் இடது கால் இழுத்துக்கொண்டது, வாய் இடது பக்கம் தொங்கிவிட்டது. பேச்சு, சூடான உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு பேசுவது போல் ஆயிற்று. ஊர் வாயை அடைக்கிற பேச்சுக்காரன் அவன். வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி கெஸ்லர் கடையில் பொரித்த மீன் சாப்பிடுவது எங்கள் நாலு பேருக்கும் கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். ஏப்ரலுக்குப் பிறகு அவனும் வரவில்லை, அவன் மனைவி மார்லிஸும் வரவில்லை. ஒரு தடவை நேரில் போய்க் கூப்பிட்டேன்.

"சாப்ட்டா வழியுது டெலோரஸ். ஊர் பாக்க நான் எச்சி ஒழுக உக்காந்திருக்கணுமா?" என்றான். அதைச் சொல்லவே அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. அதற்கு மேல் நானும் கூப்பிடவில்லை. பிறந்த வீட்டில் எனக்கென்று மிச்சம் இருப்பவன் அவன் ஒருத்தன்தான். அவனும் உயிரோடு இருக்கும்போதே கதவைச் சாத்திக்கொள்கிறானே.

செப்டம்பர் கடைசியில் அவனே எங்கள் வீட்டுக்கு வந்தான். மார்லிஸ்தான் கார் ஓட்டி வந்தாள். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டான்.

"மாடு எங்க?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? போடத்தான்."

மார்லிஸ் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நீயே சொல்லு டெலோரஸ். நடுத்தெருவுல விழுந்தா யாரு தூக்குறது? இந்த வயசுல மாடு வேஷம் கேக்குதா?"

"தலைய மாட்டிக்கிட்டா என் மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாங்க," என்றான் அண்ணன். "வருஷத்துல அந்த ஒரு நாளாவது தெருவுல நடந்துட்டுப் போறேனே."

நான்தான் கெட்டிக்காரத்தனமாக ஒரு யோசனை சொன்னேன். "அப்ப இடத்தை மாத்திக்குங்க. அவரு முன்னால போகட்டும். நீ பின்னால அவரு பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு வா. பிடிமானமாவும் இருக்கும்."

"நான் மாட்டுக்குக் குண்டியா வரணுமா?"

"இத்தனை வருஷமா அவரு வரலையா?"

"அவனுக்கு அது பொருந்தியிருக்கு," என்றான் அண்ணன். நோயில் படுத்தவனாயிற்றே என்று கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். ஹார்லன் காபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் முன்னாலயே வரட்டும். ஒரு தடவை நடந்து பாத்துருவோம்," என்றார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிறவர், அன்று அவ்வளவு பேசியதே அதிசயம்.

மறுநாள் அண்ணன் வீட்டு டிராக்டர் கொட்டகையில் நடந்து பார்த்தார்கள். பத்தடி கூடப் போகவில்லை. அண்ணன் இடது காலை இழுத்து இழுத்து வைக்கிறான், பின்னால் இவர் எப்போதும் போல வீசி வைக்கிறார். இவர் முட்டி போய் அவன் தொடையில் இடித்தது. மாடு நடுவில் மடங்கிக் கிழிந்தது, இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். அண்ணனைத் தூக்கி உட்கார வைத்துத் தலையைக் கழற்றினோம். அடி ஒன்றும் இல்லை. அழுதிருந்தான்.

"தூக்கிப் போடு. குப்பையில போடு," என்றான். அதற்குப் பிறகு நான் போன் பண்ணினால்கூட மார்லிஸ்தான் எடுத்தாள்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் வேஷம் இல்லை என்று முடிவாயிற்று. பத்திரமாக மடித்து மாட்டைப் பெட்டியில் வைத்தேன். யாராவது கேட்டால் முதுகு வலி என்று சொல்லச் சொல்லி ஹார்லனிடமும் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் நிலவறையில் துணி துவைத்துவிட்டுப் படி ஏறி வருகிறேன், சமையலறையில் ஹார்லன் கையில் காபிக் கோப்பையோடு நடந்துகொண்டிருக்கிறார். இடது காலை இழுக்கிறார். தரையில் உரசி, கொஞ்சம் வெளிப்பக்கமாக வட்டம் போட்டு, முன்னால் வைத்து, இடுப்பைத் தூக்கி வலது காலைக் கொண்டுவருகிறார். அச்சு அசல் என் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? நொந்து கிடக்கிறவனைப் பாத்து நடிச்சுக் காட்டுறீங்களா? யாருக்குக் காட்டுறதுக்கு இது, கெஸ்லர் கடைப் பசங்களுக்கா?"

அவர் நின்றார். "பழகறேன்," என்றார்.

"என்னத்தைப் பழகறீங்க?"

"மச்சானால என்னை மாதிரி நடக்க முடியாது. நான் மச்சான் மாதிரி நடக்கலாம்ல." கோப்பையைக் கழுவித் தொட்டியின் ஓரத்தில் வைத்தார். "மனுசன் நொண்டினாத்தானே பாப்பாங்க. மாடு நொண்டினா யாரு பாக்கப் போறாங்க?"

பெட்டியைத் திறந்து கிழிசலைத் தைக்க உட்கார்ந்தேன்.

அண்ணனை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று எனக்குத் தெரியாது. இவர் தனியாகத்தான் போனார். அவர்கள் வீட்டுக் களத்தில் இவர் முதலில் தனியே நடந்து காட்டியதாகவும், அண்ணன் கையில் கிடைத்த பூசணிக்காயைத் தூக்கி இவர் மேல் எறிந்ததாகவும் மார்லிஸ் பிறகு சொன்னாள். இரண்டாவது பூசணிக்காயை எறியவில்லையாம்.

அந்த வருஷம் ஹாலோவீன் வெள்ளிக்கிழமையில் வந்தது. சாயங்காலம் நானும் மார்லிஸும் மருந்துக்கடை வாசலில் நின்றோம். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் மார்லிஸ் காரைத் தயாராக நிறுத்தியிருந்தாள். ஊர்வலம் முடிந்ததும் தலையைக் கழற்றாமலே அண்ணனை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு.

சோளக்கதிர் போயிற்று, டயப்பர் போயிற்று, பிறகு மாடு வந்தது. இடது பக்கம் முன்னங்கால் இழுக்க, அதே நேரத்தில் பின்னங்காலும் இழுத்தது. இரண்டும் ஒன்றாய் வட்டம் போட்டு ஒன்றாய் ஊன்றின. முதுகு ஒரே மாதிரி ஏறி இறங்கியது. கூட்டத்தில் சத்தம் அடங்கிவிட்டது. உள்ளே யார் என்று தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மார்லிஸ் என் கையை நசுக்கினாள்.

அப்போது எதிர்ச் சாரியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பழைய மாட்டு டாக்டர் சீக்ளர் உரக்கக் கேட்டார். "ஏம்ப்பா, குளம்புல புண்ணு வச்ச மாட்டையா ஓட்டிக்கிட்டு வர்றீங்க? கொட்டில்ல கட்டி மருந்து போடாம, ஊர்வலம் ஒரு கேடா?"

பால்காரர்கள் ஊர். நொண்டி மாட்டைப் பார்க்காதவன் யார்? ஒருத்தன் குளம்பைச் சீவச் சொன்னான். இன்னொருத்தன், இதை விற்றால் பாதி விலைக்குக் கேட்பேன் என்றான். லொரெய்ன் திரும்பி வந்து மாட்டின் முன்னங்காலைத் தூக்கிப் பார்க்கப் போக, மாடு அவளை முட்டியது. தெருவே சிரித்தது. எல்லாரும் மாட்டைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

மாடு கத்தியது. அடிவயிற்றிலிருந்து எழுந்து, நீண்டு, கடைசியில் கொஞ்சம் தூக்கி முடிகிற அதே சத்தம். ஏப்ரலுக்குப் பிறகு என் அண்ணன் வாயிலிருந்து குழறாமல் வந்த முதல் சத்தம் அதுதான். மருந்துக்கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தீயணைப்பு நிலையத்தில் அவன் தலையைக் கழற்றவில்லை, யாரும் கழற்றச் சொல்லவும் இல்லை. பின்பக்கமாக வெளியே வந்த ஹார்லன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். மார்லிஸ் கார் சாவியை எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை," என்றார் ஹார்லன். "மீன் சாப்ட்டுப் போலாமா மச்சான்?"

மாட்டுத்தலை முதலில் கார் நின்ற பக்கம் திரும்பியது. பிறகு கெஸ்லர் கடைப் பக்கம் திரும்பியது.

கடையில் எல்லாரும் வேஷத்தில்தான் இருந்தார்கள். எங்கள் பழைய மேஜை காலியாக இருந்தது. பரிமாறுகிற ஜோஸி வந்து மாட்டைப் பார்த்து "வழக்கமானதுதானே?" என்றாள். மாடு தலையாட்டியது. மீனும் ரொட்டியும் உருளைக்கிழங்கு அடையும் வந்தன. ஹார்லன் சாப்பிட ஆரம்பித்தார். அண்ணன் தட்டுக்கு முன்னால் மாட்டுத்தலையோடு உட்கார்ந்திருந்தான். வாயிருக்கும் இடத்தில் வலைத்துணி வைத்து நான்தான் தைத்திருந்தேன். அதற்குள் ஒரு பட்டாணி கூடப் போகாது.

தட்டில் ஆவி நின்றுவிட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஹார்லன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"மாப்ளே, மீன் ஆறுது," என்று தலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆமா மச்சான். ஆறுது."

அண்ணன் இரண்டு கையாலும் தலையைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தான். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, வாய் தொங்கியிருந்தது. பக்கத்து மேஜைகளில் ஒன்றிரண்டு பேர் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. மீனைப் பிய்த்துச் சாப்பிட்டான். இரண்டாவது வாயிலேயே சாஸ் இடது பக்கமாக வழிந்து முகவாய்க்கு இறங்கியது. அவனுக்கு அங்கே உணர்ச்சி கிடையாது, தெரியவில்லை. மார்லிஸ் கைத்துணியை எடுத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள்.

எதிரில் இருந்த ஹார்லன் தன் கைத்துணியை எடுத்தார். தன் முகவாயை இடது பக்கம் நிதானமாகத் துடைத்துக்கொண்டு மறுபடி சாப்பிடப் போனார். அண்ணன் அதைப் பார்த்தான். தன் கைத்துணியை எடுத்து அதே இடத்தில் துடைத்துக்கொண்டான். மார்லிஸ் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஹார்லன் மறுபடியும் துடைத்தார், அண்ணனும் துடைத்தான். சாப்பாடு முடிகிற வரைக்கும் அப்படியே நடந்தது.

"மாப்ளே," என்றான் அண்ணன். "உன் வாயில ஒண்ணுமே இல்லையே."

"தெரியும்," என்றார் ஹார்லன். "சாப்பிடுங்க."

அண்ணன் ஜோஸியைக் கைகாட்டிக் கூப்பிட்டு இன்னும் இரண்டு துண்டு மீன் கேட்டான். குழறித்தான் கேட்டான். அவளுக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்டாள். அவனும் திரும்பச் சொன்னான்.